கடையை மூடாமல் குடியைக் குறைக்க முடியுமா? கிளாஸ்கோ கல்லாவில் இருந்து ஒரு பதில்

கேள்வி இது: "என் மாமா தினமும் ஒரு குவாட்டர் போடுகிறார். ஊரில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் போராட்டம் நடக்கிறது. கடையை மூடாமலே மக்களை அளவாகக் குடிக்க வைக்க ஓர் அரசால் முடியுமா? வெளிநாட்டில் எங்காவது பலித்திருக்கிறதா?"

ஸ்காட்லாந்தில் ஓரளவு பலித்திருக்கிறது. ஆனால் குடி நோயாகவே முற்றிவிட்டவர்களிடம் அங்கேயும் அது பலிக்கவில்லை. உங்கள் மாமா எந்தப் பக்கம் என்பது எனக்குத் தெரியாது, அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. படிக்க வந்த காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கிழக்குப் பகுதியில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் நடத்திய தெருமுனைக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். பால், ரொட்டி, லாட்டரிச் சீட்டு, சிகரெட், கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்க மது. 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைக்கும் புதுச் சட்டம் வந்தபோது அந்தச் சுவரில் விலைச்சீட்டு மாற்றி ஒட்டியவன் நான். இப்போது வேறு வேலை, அதே ஊர்.

முதலில் ஒரு கணக்கு. பிரிட்டனில் மதுவை 'யூனிட்' என்று எண்ணுவார்கள். ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்தமான ஆல்கஹால். பாட்டில் எத்தனை லிட்டரோ அதை அதில் எழுதியிருக்கும் சதவீதத்தால் பெருக்கினால் யூனிட் வந்துவிடும். 700 மில்லி விஸ்கி, 40 சதவீதம் என்றால் 28 யூனிட். 4 சதவீத பியர் ஒரு பைன்ட் (568 மில்லி) என்றால் ஏறக்குறைய 2.3. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் ஒரே நாளில் குடிக்காமல் மூன்று நாளுக்காவது பிரித்துக் குடியுங்கள் என்று 2016-ல் தலைமை மருத்துவ அதிகாரிகள் அறிவித்தார்கள். 1987-ல் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 14 என்று இருந்தது. இப்போது இருவருக்கும் ஒன்றுதான். 14-க்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, ஆபத்து குறைவு என்றுதான் சொன்னார்கள்.

இதை நம்மூர் குவாட்டருக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி, 42.8 சதவீதம். 7.7 யூனிட். இரண்டு குவாட்டரிலேயே வாரக் கணக்கு தீர்ந்துவிட்டது. தினமும் ஒன்று என்றால் உங்கள் மாமா வாரத்துக்கு 54 யூனிட் குடிக்கிறார், 14-ஐப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஊரில் நாம் "ஒரு குவாட்டர்தானே" என்று சொல்கிற சரக்கு இது.

சரி, இந்த 14-ஐ அங்கே யாராவது எண்ணுகிறார்களா? நான் கல்லாவில் நின்ற காலத்தில் ஒருவர்கூட பாட்டிலைத் திருப்பி யூனிட் பார்த்து வாங்கி நான் பார்த்ததில்லை. விலையைப் பார்ப்பார்கள். கையில் இருக்கும் சில்லறையைப் பார்ப்பார்கள். படித்துப் படித்துச் சொல்லித் திருத்தலாம் என்ற நம்பிக்கையில் லண்டன் அரசு நிறைய முயன்றது. மதுவிடுதிகளை 11 மணிக்கு மூடுவதால்தான் கடைசி அரைமணியில் மடமடவென்று ஊற்றிக்கொள்கிறார்கள், நேரத்தைத் தளர்த்தினால் ஐரோப்பியக் காபிக்கடை மாதிரி நிதானமாகக் குடிப்பார்கள் என்று 2005 நவம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்த நிதானம் இன்னும் வந்து சேரவில்லை. 2011-ல் மதுக் கம்பெனிகளையே கூப்பிட்டு, "நீங்களாகவே பொறுப்பாக நடந்துகொள்ளுங்கள்" என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது. மறுத்தது நியாயம். இங்கிலாந்தில் மது விற்று வரும் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு, வாரம் 14-ஐத் தாண்டிக் குடிப்பவர்களிடமிருந்துதான் வருகிறது என்று பிறகு ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. எல்லாரும் அளவாகக் குடித்துவிட்டால் கம்பெனியின் வரவில் பெரும்பகுதி போய்விடும். அவர்களே அதை எப்படிச் செய்வார்கள்?

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. இங்கே குடியால் சாகிறவர்களின் விகிதம் இங்கிலாந்தைவிட எப்போதும் அதிகம். அதிலும் ஏழைப் பகுதிகளில்தான் சாவு அதிகம். 2011 அக்டோபரில் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' வகைச் சலுகைகளை மதுவுக்குத் தடை செய்தார்கள். கடையில் மது விற்பது காலை 10 முதல் இரவு 10 வரைதான். ஆனால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் சரக்குதான் உண்மையான பிரச்சினை. அதற்காக 2012-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: எந்த மதுவாக இருந்தாலும் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவு பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது (100 பென்ஸ் ஒரு பவுண்ட்).

சட்டம் போட்டு ஆறு வருஷம் அது அமலுக்கு வரவில்லை. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. எடின்பரோவில் ஆரம்பித்து லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், திரும்பி வந்து, 2017 நவம்பரில் லண்டன் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. இதே யோசனையை 2012-ல் அறிவித்த லண்டன் அரசு அடுத்த வருஷமே கைவிட்டது, அது தனிக் கதை.

2018 மே 1. ஒரு யூனிட்டுக்கு 50 பென்ஸ். நல்ல விஸ்கி, நல்ல ஒயின் குடிக்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே அதற்கு மேலேதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அடி விழுந்தது வெள்ளை சைடருக்கு. சைடர் என்றால் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மது. ஆனால் இந்த வெள்ளை சைடரில் ஆப்பிள் இருந்த தடயமே தெரியாது. 3 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், 7.5 சதவீதம், 22.5 யூனிட். அதாவது ஒன்றரை வாரத்துக்கு உரிய கோட்டா ஒரு பாட்டிலில். சட்டத்துக்கு முன்னால் நான்கு பவுண்ட் கொடுத்தால் சில்லறை மீதி கிடைக்கும். ஒரே இரவில் அது 11 பவுண்ட் 25 பென்ஸ் ஆனது.

கடைக்கார அண்ணன் முந்தைய வாரமே அந்த வரிசையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "தம்பி, உந்தப் பெரிய போத்தல் எல்லாத்தையும் பின்னுக்குத் தூக்கி வை. இனி உது ஓடாது." அவர் சொன்னது சரி. கீழ்த்தட்டு முழுக்க இருந்த அந்த நீலநிற மூடிப் பாட்டில்கள் சில மாதத்தில் காணாமல் போயின. கம்பெனியே சிறிய அளவில் போட ஆரம்பித்தது. மூன்று லிட்டர் வாங்கியவர்களில் சிலர் அரைப் பாட்டில் ஓட்காவுக்கு மாறினார்கள்; 350 மில்லி, 13 யூனிட், ஆறரை பவுண்ட். சிலர் நான்கு பியர் கேனோடு நிறுத்திக்கொண்டார்கள். அதே நான்கு பவுண்டுக்கு அப்போது 8 யூனிட்தான் கிடைத்தது. யாரும் மனம் திருந்தவில்லை. கையில் இருந்த காசுக்குக் குறைவாகக் கிடைத்தது, குறைவாகக் குடித்தார்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே அதுதான், யாருக்கும் அது புத்தி சொல்லவில்லை.

வேடிக்கை ஒன்று. மேற்கு ஸ்காட்லாந்தில் சண்டை, சச்சரவு என்று செய்தி வந்தாலே எல்லாரும் பெயர் சொல்லித் திட்டும் ஒரு சரக்கு உண்டு, பக்ஃபாஸ்ட் என்று. இங்கிலாந்தின் டெவனில் உள்ள பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்துத் தயாரிப்பு. 15 சதவீத ஒயினில் காபியில் இருக்கும் கஃபீனும் சேர்த்தது. சட்டம் வந்தால் இது ஒழியும் என்று பலர் நினைத்தார்கள். 50 பென்ஸ் கணக்குப்படி அதன் 750 மில்லி பாட்டிலின் குறைந்தபட்ச விலை 5 பவுண்ட் 63 பென்ஸ். அது ஏற்கெனவே அதைவிட அதிகமாகத்தான் விற்றுக்கொண்டிருந்தது. துறவிகளின் சரக்குக்கு ஒரு கீறலும் விழவில்லை.

இங்கிலாந்து எல்லை தாண்டிப் போய் வாங்கி வருவார்களே என்று கேட்பீர்கள். எல்லையோர ஊர்க்காரர்கள் கொஞ்சம் போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கார்லைல் நகரம் கிளாஸ்கோவிலிருந்து 150 கிலோமீட்டர். சைடர் குடிப்பவரிடம் கார் இருக்காது.

இனி பலன். பொது சுகாதாரத்துறை ஐந்து வருஷம் கணக்கெடுத்து 2023-ல் அறிக்கை தந்தது. சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ அதோடு ஒப்பிட்டால், மதுவால் மட்டுமே நேரும் சாவு 13.4 சதவீதம் குறைவு. ஆண்டுக்குச் சராசரியாக 150 பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். மருத்துவமனைச் சேர்க்கை 4 சதவீதம் குறைவு. மொத்த விற்பனையில் குறைந்தது 3 சதவீதம்தான். குறைந்த அளவு சின்னது. ஆனால் சரியான இடத்தில், அதாவது ஏழைப் பகுதிகளில் அதிகமாகக் குடிப்பவர்களிடம், குறைந்திருக்கிறது.

எதிர்ப்பவர்களிடம் ஒரு நல்ல கேள்வி உண்டு. 2019-ல் ஸ்காட்லாந்தில் மதுவால் இறந்தவர்கள் 1,020. 2023-ல் 1,277. கூடித்தானே இருக்கிறது? உண்மை. இடையில் கொரோனா வந்தது. வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில் ஏற்கெனவே அதிகம் குடித்தவர்கள் இன்னும் அதிகம் குடித்தார்கள். அதே காலத்தில் பிரிட்டன் முழுவதும் 7,565-லிருந்து 10,473 ஆனது. அது 38 சதவீத ஏற்றம், ஸ்காட்லாந்தில் 25. இதை வைத்துச் சட்டம் வென்றது என்று மார்தட்டவும் முடியாது, தோற்றது என்று தூக்கியெறியவும் முடியாது. 2024-ல் எண்ணிக்கை 1,185 ஆக இறங்கியது. என் கணிப்பில், சட்டம் இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

ஸ்காட்லாந்து செய்த எல்லாமே பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2014 டிசம்பரில் வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் இருக்கலாம் என்ற ஆல்கஹால் அளவை 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் பிறகு ஆராய்ந்தவர்கள் விபத்து எண்ணிக்கை அதனால் குறைந்ததாகக் காணவில்லை. சாலையில் நிறுத்தி ஊதச் சொல்லும் போலீஸ் கூடவில்லை என்பதுதான் பலர் சொல்லும் காரணம். விலைச் சட்டத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கடைக்கு உரிமம் போய்விடும் என்ற பயம் ஒன்று போதும். வயதுச் சோதனையும் அப்படித்தான். 18 வயதுதான் சட்டம், ஆனால் 25-க்குக் கீழே தோன்றினாலே வயதைக் காட்டும் அடையாள அட்டை கேட்டாக வேண்டும். போலீஸே சிறுவயதுக்காரரை அனுப்பி வாங்கச் சொல்லிக் கடையைச் சோதிக்கும். என்னைவிட ஒரு அடி உயரமான, தாடி வைத்த ஆளிடம் நான் அட்டை கேட்பேன். முப்பதைத் தாண்டியவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

இனி பலிக்காத பக்கம்.

எங்கள் கடைக்குத் தினமும் காலை 10 மணிக்கு, மதுச் சுவரின் ஷட்டர் தூக்கும்போதே, ஒருவர் வருவார். வயது ஐம்பதுக்குள்தான், பார்த்தால் எழுபது. கை நடுங்கும், சில்லறையைக் கல்லா மேடையில் கொட்டிவிட்டு "நீயே எண்ணிக்கொள்" என்பார். சைடர் வாங்கும்போது கூடவே ஒரு ரொட்டி, பால், பூனைக்கு ஒரு டின் உணவு வாங்குவார். விலை ஏறிய பிறகு ஓட்காவுக்கு மாறினார். முதலில் பால் நின்றது. பிறகு ரொட்டி. பூனை டின் மட்டும் நிற்கவில்லை. குடிநோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும் இதேதான் வந்தது: அவர்கள் குடியைக் குறைத்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, சிலர் சாப்பாட்டையும் வீட்டுச் சூட்டுக்கான கட்டணத்தையும் குறைத்தார்கள். விலையேற்றம் அவர்களை நிறுத்தாது, வெறும் வயிற்றோடு குடிக்க வைக்கும். அவர்களுக்குத் தேவை படுக்கையும் மருந்தும் கூட ஓர் ஆளும்.

அந்தச் சிகிச்சைக்குப் பணம் எங்கிருந்து வரும்? இங்கேதான் இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை. இது வரி இல்லை, விலை. கூடுதல் பணம் அரசுக்குப் போகாது, கடைக்காரருக்குத்தான். எங்கள் அண்ணனே ஒரு நாள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தார்: "சனம் குறைச்சு வாங்குது, எனக்குக் காசு குறையேல்லை. இது என்ன சட்டமெண்டு விளங்கேல்லை." அந்த லாபத்தின் மேல் தனி வரி போட்டுச் சிகிச்சைக்குக் கொடுங்கள் என்று மருத்துவ அமைப்புகள் வெகுநாளாகக் கேட்கின்றன. 2024 செப்டம்பர் 30 முதல் 50 பென்ஸ் 65 ஆனது. ஒரு பாட்டில் விஸ்கி இனி 18 பவுண்ட் 20 பென்ஸுக்குக் கீழே கிடையாது. அந்தக் காசும் கடைக்குத்தான்.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன், கேள்வி அங்கிருந்துதானே. இந்தச் சட்டத்தை அப்படியே தூக்கிக் கொண்டுவர முடியாது. நம்மூரில் 2003-லிருந்து சில்லறைக் கடைக்காரரே அரசுதான், விலை வைப்பதும் அரசுதான், சூப்பர்மார்க்கெட் போட்டி போட்டு விலையைக் குறைக்கும் கதையே இல்லை. 2024-25-ல் டாஸ்மாக் வருமானம் 48,000 கோடியைத் தாண்டியது. நான் மேலே சொன்ன கம்பெனிகளின் சங்கடம் இங்கே அரசுக்கே இருக்கிறது. விலையை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது, ஆள் கள்ளச்சாராயத்துக்குப் போய்விடுவான்: 2023-ல் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. மெத்தனால் கலந்த சாராயத்தில் கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஸ்காட்லாந்தில் சைடர் விலை ஏறினால் ஆள் ஓட்காவுக்குப் போவான், பாக்கெட் சாராயத்துக்குப் போக மாட்டான். கடையை மூடச் சொல்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் இருப்பதை மூடத்தான் வேண்டும். 2023 ஜூனில் 500 கடை மூடினார்கள். அடுத்த ஆண்டும் வருமானம் ஏறியது. கடை எண்ணிக்கை மட்டுமே பிரச்சினை இல்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம்.

என்னைக் கேட்டால், அரசே கடைக்காரராக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்தவில்லை. கூடுதல் காசு தனியார் பைக்குப் போகும் ஓட்டை இங்கே இல்லை. ஒவ்வொரு குவாட்டருக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து மாவட்டத்துக்கு மாவட்டம் சிகிச்சைப் படுக்கைக்கு என்று எழுதி வைக்க ஒரு அரசாணை போதும். ஸ்காட்லாந்து பத்து வருஷமாக வாதாடிக்கொண்டிருப்பதை இங்கே ஒரு வாரத்தில் செய்யலாம். பாட்டில்மேல் 7.7 என்று கொட்டை எழுத்தில் போடவும் செலவில்லை. யாரும் எண்ண மாட்டார்கள்தான், ஆனால் "ஒரு குவாட்டர்தானே" என்று சொல்ல நாக்கு கொஞ்சம் கூசும். பாரில் நின்றபடி, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பும் நம் பழக்கத்தை எந்தச் சட்டம் மாற்றும் என்று எனக்கு விளங்கவில்லை. 90 மில்லி பாக்கெட் விடலாம் என்று பேச்சு வந்தபோது ஊரே எதிர்த்தது. அளவு சின்னதாக இருந்தால் சிலர் குறைப்பார்கள், பையனுக்கும் எளிதாகக் கையில் கிடைக்கும். இரண்டும் உண்மை.

உங்கள் மாமாவுக்கு. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, குடித்த பிறகுதான் நிதானத்துக்கு வருகிறாரா என்று பாருங்கள். இல்லை என்றால், வாரத்தில் மூன்று நாள் குடிக்காமல் இருக்க முடிகிறதா என்று பேசிப் பார்க்கலாம். மருத்துவர் ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பேசினாலே சிலர் குறைப்பார்கள் என்று நம்பித்தான் ஸ்காட்லாந்தில் அதை அரசுத் திட்டமாகவே நடத்தினார்கள். நடுக்கம் உண்டு என்றால், "இன்றோடு நிறுத்து" என்று வீட்டில் சத்தியம் வாங்காதீர்கள். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் சித்தபிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்துவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் சொல்லும் அளவும் மாமா சொல்லும் அளவும் ஒன்றாக இருக்காது.